ஒயர் எடுத்தாச்சா

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாடு பாதி வழிகூடத் தாங்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்ததால் அவருக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. "யார் சமைச்சதுன்னு மூணு தரம் கேட்டுட்டார் அந்த மனுஷன்" என்று என் மனைவி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பொறாமைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கம்பெனி பெரியது. நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். மார்பில் பெயருக்குப் பதில் ஓர் எண். லிப்ட் போகிற குழிக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை பார்ப்பதற்காக நீங்கள் எனக்கு வைத்த வௌவால் என்ற பட்டம் இங்கே யாருக்கும் தெரியாது. மதியம் டோக்கனைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று தட்டை வாங்க வேண்டும். முதல் நாள் தட்டை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "சார், வாங்கியாச்சுல்ல, நகருங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்திருக்கிறேன்.

நம் கடை வழக்கத்தை இங்கே சொன்னேன். மாடிக் கதவின் பூட்டு சரியாக விழாவிட்டால் லிப்ட் நகராது. கோளாறு எந்த மாடியில் என்று கண்டுபிடிக்க, பூட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டு, கதவு மூடித்தான் இருக்கிறது என்று லிப்டை நம்பவைத்து ஓட்டிப் பார்ப்போம். இதை எல்லா ஊரிலும் செய்கிறார்கள். ஆனால் ஒயர் போட்டவன் அதை எடுக்கிற வரை சாப்பிடக் கூடாது, "ஒயர் எடுத்தாச்சா?" என்று அண்ணி கேட்டு, "எடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் தட்டில் விழும் என்றதும் சிரித்தார்கள். "நாங்க படிவத்துல டிக் பண்ணிடுவோம்" என்றார் சூப்பர்வைசர். என்னவோ, எனக்கு நம் வழக்கம்தான் சரி என்று படுகிறது.

அண்ணி, கடையை விட்டுப் போகிறவனை யாரும் இப்படி அனுப்ப மாட்டார்கள். அண்ணன் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிவந்தார். சின்னவன், "போய்ட்டு வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலையை விடப்போகிறேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா? ஒரு மாதம் மென்று விழுங்கினேன். சொன்னபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சின்னவன் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்குகிற வரை என் லைசென்ஸ் கடைச் சுவரிலேயே இருக்கட்டும், கடை என் பெயரிலேயே ஓடட்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. என் மனைவிதான், "ஆள் அங்க இருப்போம், பேரு இங்க இருக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்தான்.

கண் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்ததா? பழையது தேய்ந்துபோய்விட்டது, இனி ரிப்பேருக்குத் தாங்காது. சின்னவனுக்கு நினைவுபடுத்துங்கள்.

என்றும் உங்கள்
வௌவால்


பிப்ரவரி 20

அன்புத் தம்பி வௌவாலுக்கு அண்ணி எழுதுவது,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற இடத்தில் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்கிறார். போன் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் பேசினால் அவரைப் பற்றி நான் எப்படிக் குறை சொல்வது?

இனி மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஸ்பானர்களைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார். நேற்று என் தோசைக்கரண்டியையும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். நான் என்ன செய்ய?

எல்லாம் இப்போது சின்னவன் கையில். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றைப் புதிதாகப் பிடித்திருக்கிறான். மதியம் சாப்பிட வருவான், வராமலும் இருப்பான். நான்கு தட்டு எடுத்து வைத்துப் பழகிய கை, எடுத்துவிட்டு ஒன்றை மறுபடி உள்ளே வைக்கிறேன். உனக்கு ஒரு சிரிப்பான சங்கதி சொல்லட்டுமா? மாதா மாதம் லிப்டுக்குள் மாட்டுகிற சர்வீஸ் அட்டையில் உன் கையெழுத்தைப் போட வேண்டுமே, அதை அவன் உன்னைவிட அழகாகப் போடுகிறான். உன்னுடையது கோழி கிண்டியது மாதிரி இருக்கும். இவன் போட்டதைப் பார்த்தால் நீ பெரிய ஆபீசர் என்று நினைப்பார்கள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு இன்னும் வரவில்லை. இன்று நாளை என்கிறார்கள். அதற்காக நீ கவலைப்படாதே. சின்னவன் ஏதோ கைவேலை செய்துவிட்டான். வாரத்துக்கு இரண்டு தரம் நின்று நம் மானத்தை வாங்கிய லிப்ட் இப்போது நிற்காமல் ஓடுகிறது. டாக்டரம்மாவே போன் செய்து பாராட்டினார். அண்ணன் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடையை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் போனார்கள். உனக்கு முன்னால் இருந்தவன் டிரில் மெஷினையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். நீ ஒருத்தன்தான் நல்லபடியாகப் போனாய். அதை நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

தோசைக்கரண்டியைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். அண்ணனுக்கு ஒரு ரேடியோவாவது வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தது கதவுக் கீல்தான்.

கையெழுத்து விஷயத்துக்கும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. லைசென்ஸ் சுவரில் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். கையெழுத்தையும் விட்டுவிட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை. சின்னவன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டானா? அதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள். நான் அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பூட்டு வராமல் அந்த ஆஸ்பத்திரி லிப்ட் எப்படி ஓடுகிறது? எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதை வழி என்று சொல்லவும் கூடாது. சின்னவன் ஒயரைப் போட்டு அப்படியே விட்டிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவன் நம் கடையில் வளர்ந்த பிள்ளை. ஆனாலும் அண்ணனை விட்டு ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று தெரிய வேண்டாம். விட்டுப் போனவன் அங்கிருந்துகொண்டு நாட்டாமை செய்கிறான் என்று அவனுக்குத் தோன்றிவிடும்.

நேற்று இங்கே ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கீழே இருந்து அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அது புதிதில்லை. ஆனால் நேற்று என்னை அறியாமல் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். கூட இருந்தவன், "என்ன சார், பேய் பாத்த மாதிரி நிக்கறீங்க" என்றான். உடம்பில் சூடு அதிகமாகிவிட்டது போல என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

பதில் போடுங்கள்.

உங்கள்
வௌவால்


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. உன் பெயரை அவன் கெடுத்துவிடுவானா? உன்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டு உன் தோளில் தொங்கின பிள்ளை. அப்புறம் நீ சொன்னால் காரணம் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று மதியம் அவன் சாப்பிட வந்திருந்தான். தட்டை வைத்துவிட்டு, "என்னடா, ஒயர் எடுத்தாச்சா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ போனதிலிருந்து நான் கேட்பதே இல்லை. நேரத்துக்கு வந்தால்தானே கேட்க? அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "பசிக்கலைம்மா" என்று எழுந்து போய்க் கை கழுவினான். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சாயங்காலம் அவன் வண்டியை எடுக்கும்போது அண்ணன் கல்லாவிலிருந்தே கேட்டார். "டேய், கண் ஆஸ்பத்திரில எல்லாம் எடுத்தாச்சுல்ல?" அவன் வண்டியை உதைத்துக்கொண்டே, "எடுத்தாச்சுப்பா" என்றான். அண்ணனுக்குத் திருப்தி. என் பக்கம் திரும்பி, "பாத்தியா, நீதான் வீணா கலவரப்படற" என்றார்.

ஆனால் அதிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்கிறான். ராத்திரியும் அப்படித்தான். பெரிய மனுஷன் ஆகிவிட்டான், அம்மா கைச் சாப்பாடு இறங்கவில்லை என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

போன திங்கட்கிழமை என் கண்ணுக்கு மருந்து விட அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாம் மாடி நர்ஸ் என்னைப் பார்த்ததும், "உங்க பையன் நல்லா பண்ணிக் குடுத்திருக்கார்மா. முன்னாடியெல்லாம் கதவை இழுத்து இழுத்துத் திறக்கணும். இப்ப விரல் பட்டாலே திறக்குது. கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு வர்றவங்களுக்கு எவ்வளவு வசதி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஏனோ அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் லைசென்ஸ் பத்திரமாக இருக்கிறது. தினமும் நானே தூசி தட்டுகிறேன்.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இனி சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த நர்ஸ் சொன்னது வசதி இல்லை அண்ணி. லிப்ட் வந்து நிற்கிற வரை அந்தக் கதவு யார் இழுத்தாலும் திறக்கக் கூடாது. பூட்டு இருப்பதே அதற்குத்தான். விரல் பட்டாலே திறக்கிறது என்றால் பூட்டு விழவே இல்லை என்று அர்த்தம். பூட்டு விழாமலே லிப்ட் ஓடுகிறது என்றால் ஒயர் உள்ளேதான் இருக்கிறது. லிப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கும்போது மூன்றாம் மாடியில் ஒருவர் கதவை இழுத்தால் திறந்துகொள்ளும். அவர் கண்ணில் கட்டுப் போட்டிருந்தால் எதிரே லிப்ட் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. காலை எடுத்து வைத்துவிடுவார்.

சின்னவன் ஏன் வீட்டில் சாப்பிடவில்லை என்று உங்களுக்குப் புரியவில்லையா? அப்பாவிடம் வண்டியை உதைத்துக்கொண்டே சொல்லிவிட்டான். உங்கள் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு அவனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த லிப்டுக்குள் மாட்டியிருக்கிற அட்டையில், போகிற வருகிறவர்கள் கண் முன்னால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று என் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு தரம் சுழற்றிவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அண்ணன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கடைக்கு நம்பிக்கையாக இருந்தவனே போட்டுக் கொடுத்துவிட்டான் என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. உங்களிடம் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

இப்போது கேட்கிறேன். போன் செய்து லிப்டை நிறுத்தச் சொல்லிவிடட்டுமா? இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு எழுதட்டுமா? தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.

வௌவால்


மார்ச் 19

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சின்னவன் வந்ததும் அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்டேன். மறைக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "பூட்டு வந்ததும் எடுத்துடலாம்னு நினைச்சேம்மா. ரெண்டு நாள்ல வரும்னாங்க. அது அடிக்கடி நின்னா கான்ட்ராக்ட் போயிடும். அப்பாவால ஏறி வந்து பாக்க முடியாது, சித்தப்பாவும் இல்ல. நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?" என்றான்.

தம்பி, உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்யாதே. இன்ஸ்பெக்டருக்கும் எழுதாதே. வெளியே தெரிந்தால் அன்றைக்கே கடையை மூட வேண்டியதுதான். அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சு படபடப்பு. மகன் தன்னிடம் பொய் சொன்னான் என்பதையே அவர் தாங்க மாட்டார். உன் லைசென்சும் சேர்ந்து போகும், புது வேலையும் போகும். உன் மனைவி என்னைச் சபிப்பாள்.

யாருக்கும் தெரியாமல் போய் எடுத்துவிடுகிறேன் என்று சின்னவன் சொல்லியிருக்கிறான். எடுத்துவிட்டால் லிப்ட் பழையபடி நிற்கும், நின்றுவிட்டுப் போகட்டும், பூட்டு வருகிற வரை ரிப்பேர் என்று பலகை மாட்டிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு வரை மட்டும் பொறுத்துக்கொள். அதுவரை அந்த நர்ஸிடம் நானே ஏதாவது சொல்லி, கதவுப் பக்கம் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இத்தனை வருடத்தில் நீ எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை. விட்டுப் போகும்போதுகூட முகம் கோணாமல் போனாய். இதையும் எனக்காகச் செய்.

உன் அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. உங்களுக்காகப் பொறுக்கிறேன். அழாதீர்கள். சின்னவனையும் திட்டாதீர்கள். யார்கிட்ட கேட்பேன் என்று அவன் கேட்டது என் நெஞ்சில் குத்தியது. போகும்போது ஒரு வார்த்தை, எதுவானாலும் எனக்குப் போன் செய்யடா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பெட்டி கட்டுகிற மும்முரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவனிடம் இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தக் கதவுக்குள் கை வைக்கக் கூடாது. ஒயர் இருக்கிற வரை கதவு திறந்திருப்பது லிப்டுக்குத் தெரியாது. வேறு மாடியில் யாராவது பட்டனை அழுத்தினால் அது பாட்டுக்கு வரும். மெயின் மொட்டைமாடி மெஷின் ரூமில் இருக்கிறது, சாவி டாக்டரம்மாவிடம். வழக்கமான சர்வீஸ் என்று சொல்லி வாங்கிக்கொள்ளட்டும்.

டாக்டரம்மாவின் எண்ணை எழுதி வைத்திருந்த தாளை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். என் கை சும்மா இருக்காது என்று பயம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவங்க மனசு நோகக் கூடாதுன்னு பாக்கறீங்க. கண்ணு தெரியாதவங்க நடக்கற இடம் அது" என்றாள். ஞாயிறு ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். சின்னவன் உங்கள் கையால் சாப்பிட்டான் என்று எழுதினால் போதும், நான் புரிந்துகொள்வேன்.

உங்கள்
வௌவால்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன ஞாயிறு வந்து போய்விட்டது. கடிதம் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிக் கேட்கிறேன். அவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

நேற்றும் இன்றும் கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிற போன் இரண்டாவது மணிக்கு மேல் அடித்து நான் கேட்டதில்லை. நீங்கள் எல்லாரும் எங்காவது போயிருப்பீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எங்கே போவீர்கள்? கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் எங்கும் போனதே இல்லையே.

என் மனைவியிடமிருந்து அந்தத் தாளை வாங்கி டாக்டரம்மாவுக்கே போன் செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். எடுத்தது வேறு யாரோ. லிப்டைப் பற்றி என்று ஆரம்பித்ததுமே, "அதப் பத்தி இப்ப எதுவும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அண்ணி, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வௌவால்


ஏப்ரல் 12

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை அவனிடம் படித்துக் காட்டினேன். மெயின், சாவி எல்லாம் சொன்னேன். "இந்த மாச சர்வீஸ்தான் போன வாரமே முடிச்சாச்சே. மறுபடியும் சாவி கேட்டா ஏன்னு கேப்பாங்கம்மா. அப்புறம் எல்லாம் வெளிய வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை, நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்கும் தெரியாமல் முடிய வேண்டும் என்று சொன்னதே நான்தானே. ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினேன்.

அது சனிக்கிழமை. மதியம் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்திருக்கும் என்று பார்த்துப் போயிருக்கிறான். நர்ஸ் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து உள்ளே சாய்ந்து ஒயரைப் பிடித்திருக்கிறான். லிப்ட் மேலே நின்றிருந்தது. கீழே யாரோ ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். எல்லாரும் அழுத்துகிற பட்டன்தானே.

ஒயர் அவன் கையில் இருந்தது. பிடுங்கிவிட்டான். லிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒரு நொடி முன்னால் பிடுங்கியிருந்தால் அவனுக்கு மேலேயே நின்றிருக்கும். மாடிக்கு ஆட்கள் ஓடிவருவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன முழங்காலோடு மூன்று மாடியும் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். லைசென்ஸில் இருக்கிற ஆள் எங்கே என்று கேட்டார். நீங்கள் போன தேதியைச் சொன்னேன். நீங்கள் போன பிறகும் பெயரை வைத்துக்கொண்டது நாங்கள், கையெழுத்துப் போட்டது என் மகன் என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வேலைக்கு எதுவும் வராது என்று நினைக்கிறேன். வந்தால் அது என் கையில் இல்லை. மற்ற கட்டடங்களில் எல்லாம் லிப்டை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். வேறு எங்கும் ஒயர் இல்லை. அந்த ஒரு இடத்தில்தான் செய்திருக்கிறான். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடையை மூடிவிட்டோம்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. அன்றைக்கே அந்தப் போனைச் செய்திருந்தால் டாக்டரம்மா திட்டியிருப்பார், கான்ட்ராக்ட் போயிருக்கும், நானும் உங்களை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். என் பிள்ளை அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். வேண்டாம் என்று உங்களைத் தடுத்தது நான்தான், அதையும் மறக்கவில்லை. என் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் பெயர் கெடக் கூடாது, கடைப் பெயர் கெடக் கூடாது என்று நான் பார்த்தேன். ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம். நடுவில் அவன் நின்றிருந்தான்.

இனி எழுத வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம்.

இப்படிக்கு
சின்னவனின் அம்மா